வெடிப்பை மூடிய ஆட்டக்காரர்

என் வீட்டுக்காரர் டென்னிஸ் ஆடிப் பிழைத்தவர் என்று சொன்னால், கேட்கிறவர்கள் உடனே கோப்பை எத்தனை, மெடல் எத்தனை என்று விசாரிக்கிறார்கள். ஒன்றும் கிடையாது. ஜெயித்தவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஒவ்வொரு போட்டியிலும் முதல் ஆட்டத்தில் தோற்றுப்போக ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆளுக்கும் பெண்டாட்டி உண்டு, அவளுக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. அதையும் யாராவது எழுதவேண்டும்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. டென்னிஸ் ஆடுகிறவனுக்கு ஆட்டத்துக்கென்று யாரும் பணம் தரமாட்டார்கள். அதற்குப் பதிலாக வேலை தருவார்கள். எங்கள் மில் முதலாளிக்குத் தன் மில்லின் பெயர் இங்கிலீஷ் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் வரவேண்டும் என்று ஆசை. பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கும்போது ஆடக் கற்றுக்கொண்டு, டிகிரியை முடிக்காமல் ஆட்டத்தை மட்டும் முடித்துக்கொண்டு வந்தவர் இவர். கோவில்பட்டிக்குக் கூப்பிட்டு டைம் ஆபீஸில் குமாஸ்தா என்று போட்டார்கள். காலையில் ஷிப்டு ஆட்களின் கார்டைச் சரிபார்ப்பார். மத்தியானம் தாண்டினால் மட்டையைத் தூக்கிக்கொண்டு மில் காம்பவுண்டில் இருக்கும் கோர்ட்டுக்குப் போய்விடுவார். போட்டி எங்கே நடந்தாலும் சம்பளத்தோடு லீவு. ஆனால் வேலை டெம்பரவரி. ஜெயித்தால் பெர்மனென்ட் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் ஊர் பசுவந்தனை. மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் போடுகிற மானாவாரி விவசாய வீடு. மாப்பிள்ளைக்கு மில்லில் வேலை என்று சொல்லித்தான் எங்கள் அப்பா கட்டிக்கொடுத்தார். பந்தடிக்கிற வேலை என்று யாரும் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த மறுவாரம் ஒரு நாள் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு என்று போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நான் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்து, இவர் வீட்டில் இல்லை என்று சொல்லப் போனேன்.

அந்த வெள்ளைத் துணியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கோவில்பட்டியில் அப்போது தண்ணீருக்கு இருந்த பாடு அங்கே குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். தெருக்குழாயில் விடிவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் இருக்கும். ஆளுக்கு இரண்டு குடம். அதற்குமேல் வைத்தால் சண்டை. அந்த இரண்டு குடத்தில் சமைத்து, குடித்து, குளித்து, மீந்ததில் இவருடைய வெள்ளையையும் துவைக்கவேண்டும். கரிசல் மண் துணியில் பட்டால் லேசில் போகாது. கிணற்று உப்புத் தண்ணீரில் அலசினால் வெள்ளை பழுப்பாகிவிடும். நீலம் கூட்டிப் போட்டால், ஊதா நிறத்தில் எவனாவது டென்னிஸ் ஆடுவானா என்று கேட்பார். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், தோற்கிறதுக்கு எந்தக் கலரில் போனால் என்ன என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மட்டை இன்னொரு சங்கடம். அதில் கட்டியிருப்பது ஆட்டுக்குடல் நரம்பு. எலிக்கு அது பலகாரம். ஒருதரம் எலி கடித்து நாலைந்து இழை அறுந்துவிட, மெட்ராசுக்கு அனுப்பிக் கட்டி வாங்கினார். அதிலிருந்து தயிர்ப்பானை தொங்கிய உறியில் மட்டை ஏறிக்கொண்டது. தயிர் தரைக்கு வந்தது. தயிரைப் பூனை குடித்தால் பரவாயில்லையாம், மட்டை பத்திரமாக இருக்கவேண்டுமாம். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அண்ணாந்து உறியைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். 

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம், ஆள் ஜெயித்தால். மதுரை, திருச்சி, கோயம்புத்தூர், மெட்ராஸ் என்று மட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறுவார். போட்டி நாலைந்து நாள் நடக்கும். மதுரைக்குப் போனால் மறுநாள் சாயங்காலப் பாசஞ்சரில் வந்து இறங்கிவிடுவார். மெட்ராஸ் என்றால் போக்குவரத்துக்கு ஒரு நாள் கூட. அதைக் கணக்குப்பண்ணி நான் அவருக்கும் சேர்த்தே உலை வைத்துவிடுவேன். ஒரே ஒரு தடவைதான் என் கணக்குத் தப்பியது. திருச்சியில் எதிராளிக்குக் காய்ச்சல் வந்து ஆட வரவில்லை, அதனால் இவர் ஜெயித்ததாகிவிட்டது. அன்றைக்கு வடித்த சோறு வீணாயிற்று. இவர் மூன்றாம் நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். ஜெயித்தேன் என்று சொன்னார். இரண்டாவது ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது வேறு விஷயம் என்றார்.

மறுநாள் பேப்பரை வாசகசாலையில் பார்த்து எழுதிக்கொண்டு வருவார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் ஜெயித்தவன் பெயர் முதலிலும் தோற்றவன் பெயர் பின்னாலும் வரும் என்று தெரிந்துகொண்டேன். இவர் பெயர் பின்னால்தான் இருக்கும். அதிலும் ஒரு பெருமை அவருக்கு. இந்த ஆளிடம் தோற்றது சாதாரணமில்லை, போன வருஷம் இலங்கைக்குப் போய் ஆடியவர் என்பார். நாட்டில் உள்ள பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரிடமும் தோற்றிருக்கிறார். வேறு யாராவது அப்படிச் சொல்லிக்கொள்ள முடியுமா என்று என்னிடமே கேட்பார்.

இத்தனைக்கும் ஆட்டம் தெரியாதவர் இல்லை. மில் கோர்ட்டில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. மதுரையில் அவரைச் சுருட்டி அனுப்பியவர்களே மில்லுக்கு விருந்தாளியாக வந்து ஆடினால் திணறிப்போவார்கள். காரணம் அந்தத் தரை. கரிசலின் மேலே லேசாகச் செம்மண் பரப்பிப் போட்ட கோர்ட் அது. மேலே என்ன போட்டாலும் அடியில் இருப்பது கரிசல்தானே. மழைக்கு ஊதும், வெயிலுக்கு இறுகி வெடிக்கும். மாசி பிறந்துவிட்டால் வலைக் கம்பத்தின் பக்கமிருந்து கடைசிக் கோடு வரைக்கும் ஒரு வெடிப்பு ஓடும். வருஷா வருஷம் மண்ணைப் போட்டு மூடுவார்கள். வருஷா வருஷம் அதே இடத்தில் அது வாயைத் திறக்கும். கிழக்கு மூலையில் ஒரு பள்ளம், அங்கே பந்து விழுந்தால் எழும்பாது. இந்த மேடுபள்ளம் எல்லாம் இவருக்கு மனப்பாடம். வெடிப்பின் உதட்டில் பந்தைப் போடுவார். அது பக்கவாட்டில் தெறித்துக்கொண்டு ஓடும். எதிராளி வெறும் காற்றை வீசிவிட்டு நிற்பான்.

வெளியூரில் தரை ஒழுங்காக இருக்கும். பந்து ஒழுங்காக எழும்பும். இவர் அது எழும்பாது என்று குனிந்து காத்திருப்பார். பந்து தலைக்குமேல் போய்விடும். அவருடைய தோல்வி முழுவதும் இவ்வளவுதான், நான் ஆடத் தெரியாதவள், ஆட்டத்தைப் பார்த்ததும் இல்லை, காதால் கேட்டே எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை. காற்று சரியில்லை, வெயில் கண்ணில் அடித்தது, மட்டை நரம்பு தளர்ந்துவிட்டது என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

எனக்கு அவருடைய கோப்பை வேண்டாம், பேர் வேண்டாம். பெர்மனென்ட் வேண்டும். பெர்மனென்ட் ஆட்களுக்கு மில் லைனில், வரிசையாகக் கட்டிவிட்டதில் ஒரு வீடு. அந்த லைனுக்குப் பின்னால் மில்லின் நல்ல தண்ணீர்க் கிணறு. வேண்டிய மட்டும் இறைத்துக்கொள்ளலாம், வரிசை கிடையாது, சண்டை கிடையாது. அதே கிணற்றிலிருந்துதான் தினமும் மத்தியானம் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு போய்க் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிப்பார்கள், புழுதி அடங்குவதற்கு. நான் இரண்டு குடத்துக்காகத் தெருவில் மல்லுக்கு நிற்கிறேன், என் புருஷன் தரைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறார். அந்த மண்ணுக்கு ஊற்றுவதில் பாதியை எனக்குக் கொடுத்தால்கூடப் போதும் என்று நான் சொல்லாத நாளில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு வருஷம் ஜில்லாப் போட்டியை எங்கள் மில் கோர்ட்டில் நடத்துவதென்று முதலாளி பேசி வாங்கிவிட்டார். பங்குனியில் போட்டி. மேனேஜர் இவரைக் கூப்பிட்டு, முதல் நாள் முதலாளி வந்து உட்காருவார், அவர் கண்முன்னால் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துக் காட்டு, பெர்மனென்டுக்கு நானாச்சு என்று சொல்லியிருக்கிறார். இவர் வந்து சொன்னதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பங்குனி மாதம், வெடிப்பு விரல் நுழைகிற அளவுக்கு விட்டிருக்கும். ஆண்டவராகப் பார்த்து மாதத்தைக் குறித்திருக்கிறார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் முழங்காலில் நின்று, மழை கிழை வந்து அந்த வெடிப்பு மூடிவிடக்கூடாது என்று ஜெபம் பண்ணினேன். ஊரே மழை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த வருஷம் அது.

மழை வரவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாயங்காலம் தலையிலிருந்து கால்வரை கறுப்பு மண்ணாக வந்து நின்றார். என்ன என்று கேட்டேன். கோர்ட்டைத் தோண்டுகிறோம் என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் நிதானமாக, ரொம்பப் பெருமையாக விளக்கினார். மேல்மண்ணைச் சரிபண்ணிப் பிரயோஜனமில்லையாம். இடுப்பளவு ஆழத்துக்குக் கரிசலை அடியோடு வெட்டி எடுத்துவிட்டுச் சரள் நிரப்பி, கங்கைகொண்டான் பக்கமிருந்து செம்மண் கொண்டுவந்து மேலே போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினால், இனி வெடிப்பே விடாதாம். யோசனை அவருடையதாம். மேனேஜர் ஆள் கொடுத்திருக்கிறாராம். தானும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாராம்.

"வெடிப்பை மூடிட்டு யாரை ஜெயிக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"ஜில்லாப் பூரா இருந்து ஆட்கள் வாராங்க. தரையப் பாத்துட்டு, கோவில்பட்டிக்காரனுக்கு ஒரு கோர்ட்டு போடத் தெரியலன்னு சிரிச்சிரக் கூடாதுல்லா?"

"சிரிச்சுட்டுப் போறான். நமக்கு வீடு வேணும்."

"வீட்டுக்கு வந்த மனுசனைப் பள்ளத்துல தள்ளிவிட்டு ஜெயிக்கச் சொல்லுதியா நீ?"

 எங்கள் பக்கத்து ஆட்களின் புத்தி இது. வெளியூர்க்காரன் முன்னால் குறை தெரியக்கூடாது. தான் கம்பங்கூழ் குடிப்பான், வந்தவனுக்கு நெல்லுச்சோறு போடுவான். சோற்றில் செய்வதைச் செய்துவிட்டுப் போகட்டும், பிழைப்பிலும் செய்வார்களா? நான் அழுதேன், கத்தினேன், இரண்டு நாள் ஊருக்குப் போகிறேன் என்று மூட்டை கட்டினேன். அவர் மூட்டையைப் பார்த்துவிட்டு, பசுவந்தனை பஸ் இப்போது நேரம் மாறியிருக்கிறது, கேட்டுக்கொண்டு போ என்று சொன்னார். நான் போகவில்லை.

அதற்குப்பிறகு அவர் மட்டையையே தொடவில்லை. போட்டிக்கு ஆடிப் பழகவேண்டிய நாளெல்லாம் மண் சலித்துக்கொண்டிருந்தார். செம்மண்ணை விரலில் தேய்த்துப் பார்ப்பாராம், பசை போதாது என்றால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். கடைசியில் சாணியைக் கரைத்து மெழுகி, காய வைத்து, சுண்ணாம்பில் கோடு போட்டார்கள். கோடு போடும்போது தானே கயிற்றைப் பிடித்தாராம். எங்கள் வீட்டில் சுவரில் ஒரு ஆணி நேராக அடித்ததில்லை.

முதல் நாள் ஆட்டத்தைப் பார்க்க நானும் போனேன். அதுவரை நான் அவர் ஆடிப் பார்த்ததில்லை. பொம்பிளைகள் பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிப் பக்கம் நிழலில் நின்றோம். எதிர்ப்புறம் பந்தல் போட்டு முதலாளி, மேனேஜர், பெரிய மனிதர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தரை செக்கச்செவேலென்று, வீட்டுக்குள் விரித்த சமுக்காளம் மாதிரி கிடந்தது. எதிராளி தூத்துக்குடியில் ஒரு பேங்கில் வேலைபார்க்கிற, கொஞ்சம் தொப்பை போட்ட ஆள். இதற்கு முன்பு விருந்தாளியாக வந்து இதே கோர்ட்டில் இவரிடம் தோற்றுவிட்டுப் போனவர்தானாம். பக்கத்தில் நின்ற மில்காரர் பெண்டாட்டி சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.

முதல் செட் ஆறுக்கு இரண்டில் போயிற்று. இரண்டாவது செட்டில் இவர் விடாமல் துரத்தினார். நாலுக்கு நாலு வந்தது. அப்போது நல்ல உயரத்தில் ஒரு பந்து வந்தது. இவர் ஓடிப்போய் அதை எதிராளி பக்கத்தில், அந்தப் பழைய வெடிப்பு ஓடிய இடத்தில் போட்டார். கை பழக்கத்துக்கு அங்கேதான் போட்டது. போன மாதமாக இருந்தால் அந்தப் பந்து தெறித்துப் போய்க் கிட்டங்கிச் சுவரில் முட்டியிருக்கும். இப்போது அது தங்கமாக, இடுப்பளவுக்கு எழும்பி நின்றது. தொப்பைக்காரர் ஆற அமர அடித்தார். பந்து இவரைத் தாண்டிப் போயிற்று.

இவர் போன பந்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம், தன் பந்து விழுந்து எழும்பிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், சிரிப்பு. எனக்கு மட்டும் அந்த நேரம் கையில் ஒரு மண்வெட்டி கிடைத்திருந்தால் இறங்கிப்போய் அந்தத் தரையைக் கொத்திப் போட்டிருப்பேன். ஆறுக்கு நாலில் தோற்றார்.

கைகொடுக்கும்போது பேங்க்காரர், ஜில்லாவில் இப்படி ஒரு தரை கிடையாது என்று சொன்னாராம். அதை முதலாளியிடமும் போய்ச் சொன்னாராம். மற்ற ஊர்க்காரர்களும் அப்படியே சொன்னார்களாம். இவர் வீட்டுக்கு வந்து அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். தோற்றதைப் பற்றி வாயே திறக்கவில்லை.  

போட்டி முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை மேனேஜரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்படியெல்லாம் வருகிறவர் இல்லை. இருந்த ஒரே நாற்காலியில் உட்காரவைத்தோம். இவர் பக்கத்தில் நின்றார். நான் அடுப்படிக் கதவோரம் நின்றேன்.

"தம்பி, முதலாளிக்கு ரொம்பத் திருப்தி. ஒனக்குப் பெர்மனென்டு போடச் சொல்லிட்டாவ. கோர்ட்டைப் பாத்துக்கிடுத வேலை. லைன்ல கிணத்தடியில வீடு காலியா இருக்கு, ஒண்ணாந்தேதியே வந்துரலாம்" என்று மேனேஜர் சொன்னார்.

 கிணற்றடி வீடு. நான் எத்தனையோ நாள் அந்தப் பக்கம் போகும்போது நின்று பார்த்துவிட்டு வந்த வீடு.

மேனேஜர் காப்பியைக் குடித்துக்கொண்டே மீதியையும் சொன்னார். இனி இவர் வெளியூர்ப் போட்டிக்கெல்லாம் போகவேண்டாம். மதுரைக் காலேஜிலிருந்து ஒரு நல்ல ஆட்டக்காரனைப் பேசியிருக்கிறார்கள், மில்லுக்கு அவன் ஆடுவான். அவனுக்குத் தரையை இதேபோல வைத்துக்கொடுத்தால் போதும்.

இவர் மேனேஜருடைய காலடியில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். உடம்பில் சுத்தமாகத் துவைத்த, பழுப்பேறிய வெள்ளைச் சட்டை. நான் துவைத்தது. இத்தனை வருஷம் இந்த மனுஷர் ரயிலில் போய்த் தோற்றுவிட்டு வந்து, மறுநாளே மட்டையை உறியிலிருந்து இறக்கிக்கொண்டு போனதெல்லாம் இப்படிக் கழித்துக்கட்டுகிற ஒரு விஷயம்தானா என்று எனக்கு உள்ளுக்குள் ஒன்று கொதித்துக்கொண்டு வந்தது. அவரை நான் திட்டலாம், தலையில் அடித்துக்கொள்ளலாம், அது என் பாடு. இன்னொருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, உனக்கு ஆட வராது என்று எப்படிச் சொல்லலாம்?

"அவிய ஆட வந்தவிய, ஐயா" என்றேன். மேனேஜர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல்தடவை. "ஆட்டத்தை விட்டுட்டு வேலை வேண்டாம். டெம்பரவரியாவே இருக்கட்டும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். இவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. மேனேஜர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முதலாளியிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று எழுந்து போனார். அந்த வீட்டுக்கு வேறு ஆள் குடிவந்தது. மதுரைப் பையன் வந்தான், ஆடினான், ஒன்றிரண்டு கோப்பையும் கொண்டுவந்தான். இவரையும் விரட்டிவிடவில்லை, டைம் ஆபீஸில் பழைய இடத்திலேயே இருந்துகொண்டார்.

அன்றைக்கு மேனேஜர் தெருமுனை தாண்டியதும் இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "நான் சரின்னு சொல்லலாம்னுதான் இருந்தேன்ட்டி."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அப்பம் வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? நான் பேசும்போது மண்ணு மாதிரி நிக்கீங்க?"

"நீ என் ஆட்டத்து மேல அவ்வளவு நம்பிக்கை வச்சிருக்கேன்னு எனக்கு இன்னைக்குத்தான தெரியும். அதுக்குமேல நான் எப்படிச் சொல்லுவேன்?"

நம்பிக்கையா? எனக்கா? அவர் ஆட்டத்தின்மேல் எனக்கு ஒரு நாளும் ஒரு துளி நம்பிக்கை இருந்ததில்லை. அதை அந்த நிமிஷமே சொல்லித் தொலைத்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன், சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரமே சொந்த லீவு போட்டுச் சொந்தச் செலவில் கோயம்புத்தூருக்கு ரயில் ஏறினார். அதற்குப்பிறகு அந்த மனுஷரை நிறுத்த யாராலும் முடியவில்லை. மட்டையைத் தூக்க முடிகிறவரைக்கும், என் நம்பிக்கையைக் காப்பாற்றுகிறேன் என்று ஊர் ஊராகப் போய்த் தோற்றுவிட்டு வந்தார்.